விளக்கு தெரிஞ்சுது, ரோடு தெரியலை

போன வருஷம் புரட்டாசி மாதம். விடியற்காலை நாலேகால் மணி இருக்கும். ஒரத்தநாடு பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் உழவர் சந்தைக்கு என் மினி வண்டியில் கிளம்பினேன். பின்னால் கத்தரி, வெண்டை, புடலை, நாற்பது கட்டு கீரை. மெயின் ரோட்டைத் தொடும் வரை மூணு கிலோமீட்டர் வாய்க்கால் கரை ரோடு. ஒரு வண்டிதான் போக முடியும். கைப்பிடிச் சுவர் கிடையாது. கேபின் தலையில் மூணு வாரத்துக்கு முன்பு மாட்டிய எல்.இ.டி. பார் விளக்கு எரிகிறது. ரோடு பகல் மாதிரி தெரிகிறது. நானும் பெருமையாகத்தான் ஓட்டிப் போனேன்.

எதிரே மொபெட்டில் எங்கள் ஊர் பால்காரப் பெரியவர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். சட்டை நிறம்கூடத் தெரிந்தது. ஓரமாக ஒதுங்குவார் என்று நினைத்து வேகத்தை மட்டும் குறைத்தேன். அவர் ஒதுங்கினார். ஆனால் ரோடு முடிந்த பிறகும் ஒதுங்கிக்கொண்டே போய், வண்டியோடும் கேனோடும் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார்.

தண்ணீர் முழங்கால் அளவுதான். அது அவர் பிழைத்த புண்ணியம். வலது முன்கை எலும்பு முறிந்தது. இருபது லிட்டர் பாலும் வாய்க்காலில் போனது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும்போது, "அண்ணே, நான் வர்றது தெரியலையா?" என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "விளக்கு தெரிஞ்சுது மேனேஜர் சார். ரோடுதான் தெரியலை."

முப்பத்திநாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கடன் பத்திரத்தில் ஒரு வரி புரியாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் இந்த விளக்கை வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இருந்த ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் காசு கொடுத்திருக்கிறேன். அவர் கை சேரும் வரை ஆறு வாரம் அவர் வீட்டுப் பாலை நான்தான் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். அந்த ஆறு வாரத்தில், சொசைட்டிக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பியிடம் தினமும் கொஞ்சம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் டிராக்டரிலும் லோடு வண்டியிலும் இப்படி விளக்கு மாட்டி வைத்திருக்கிறோம்.

என் பெட்டியில் '300 வாட்ஸ், 18,000 லூமன், 6,500 கெல்வின், ஐபி 67, காம்போ பீம்' என்று அச்சடித்திருந்தது. தம்பி கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி விளக்கைப் போட்டார். ஐந்து ஆம்பியர் காட்டியது. "12 வோல்ட்டு, 5 ஆம்பியர். பெருக்கிக்கோங்க சார்" என்றார். அறுபது வாட்ஸ்தான். முன்னூறு எங்கே போச்சு? உள்ளே இருக்கும் ஒவ்வொரு சில்லும் அதிகபட்சம் எவ்வளவு தாங்குமோ அதையெல்லாம் கூட்டிப் போட்ட எண் அது. அப்படி ஓட்டினால் சில் வெந்துவிடும். அதனால் ஓட்டுவதில்லை.

வாட்ஸ் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது கொடுக்கும் வெளிச்சம் அல்ல. மாடு எவ்வளவு தீவனம் தின்கிறது என்பதை வைத்துப் பால் கணக்குச் சொல்ல முடியாது, அது மாதிரிதான். விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சத்துக்குத்தான் லூமன் என்று பெயர். வழக்கமான எச்4 ஹாலஜன் பல்பு பிரைட்டில் 60 வாட்ஸ் தின்று சுமார் 1,650 லூமன் கொடுக்கும். டிம்மில் 55 வாட்ஸ், சுமார் 1,000 லூமன். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்ஸுக்கு நூறு லூமன் சுலபமாகத் தரும். என் அறுபது வாட்ஸுக்கு ஆறாயிரம் என்று வைத்துக்கொண்டாலும், பெட்டியில் இருப்பது மூணு மடங்கு. அதிலும் சில் கொடுக்கும் லூமன் வேறு, சூடாகி, லென்ஸைத் தாண்டி வெளியே வரும் லூமன் வேறு. சில கம்பெனிகள் இரண்டையும் தனித்தனியாகப் போடுகின்றன. ஒன்றை மட்டும் போட்டிருந்தால் அது பெரிய எண்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு உண்மையில் வேண்டியது லூமனும் இல்லை. ரோட்டில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் வேண்டும். அதற்குப் பெயர் லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், லூமன் சாங்ஷன் ஆன தொகை, லக்ஸ் விவசாயி கணக்கில் வந்து சேர்ந்த தொகை. நடுவில் என்னென்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

மூணாவது வார்த்தை கேண்டெலா. ஒரு குறிப்பிட்ட திசையில் விளக்கு எவ்வளவு அழுத்தமாக அடிக்கிறது என்பது அது. கேண்டெலா தெரிந்தால் லக்ஸ் கணக்கு சுலபம். தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, கேண்டெலாவை அதால் வகுக்க வேண்டும். 40,000 கேண்டெலா விளக்கு 200 மீட்டரில் ஒரு லக்ஸ் கொடுக்கும். அதே விளக்கு 100 மீட்டரில் நாலு லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். '1 லக்ஸ் 200 மீட்டர்' என்று சில நல்ல பெட்டிகளில் போட்டிருப்பது இதைத்தான். பௌர்ணமி நிலா வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான் என்பதால், ஒரு லக்ஸ் என்பது ஆள் நிற்பதைக் கண்டுபிடிக்கிற அளவு, அவ்வளவுதான்.

ஒரே லூமன் உள்ள இரண்டு விளக்கு ஏன் வேறு வேறாக அடிக்கிறது என்பது இப்போது புரியும். ஒன்றின் லென்ஸ் வெளிச்சத்தைக் குறுக்கி நீளமாக அனுப்புகிறது. அது ஸ்பாட். இன்னொன்று பக்கத்திலேயே அகலமாக விரிக்கிறது. அது ஃப்ளட். வாளித் தண்ணீர் ஒன்றுதான். ஹோஸ் பைப்பில் விரலை வைத்து அழுத்திப் பீய்ச்சினால் தூரம் போகும், பூவாளியில் ஊற்றினால் பாத்தி முழுக்க நனையும். இரண்டும் கலந்தது காம்போ. ரோட்டில் ஹைபீமுக்குத் துணையாகப் போடுவது டிரைவிங் விளக்கு. அது ஸ்பாட்டைவிடக் கொஞ்சம் அகலம், நல்ல தூரம். உழவு, அறுவடை, களத்து வேலைக்குப் போடுவது ஒர்க் லைட். அது எப்போதும் ஃப்ளட்டாகத்தான் இருக்க வேண்டும். ரோட்டவேட்டருக்குப் பின்னால் ஸ்பாட் விளக்கை மாட்டினால் வரப்பு தாண்டி அடுத்தவர் தோட்டம் தெரியும், நம் பட்டம் தெரியாது.

ஃபாக் விளக்கு தனி ஜாதி. அது பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கும். வெளிச்சம் அகலமாகவும் குட்டையாகவும் விழும். மேல்பக்கம் கத்தியால் சீவின மாதிரி ஒரு கோட்டோடு நின்றுவிடும். அந்தக் கோட்டுக்குக் கட்-ஆஃப் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டிம்முக்கும் இந்தக் கோடு உண்டு. எதிரே வருபவரின் கண் கோட்டுக்கு மேலே இருக்கும், வெளிச்சம் கீழே இருக்கும். என் பார் விளக்கில் இந்தக் கோடே கிடையாது. கேபின் உயரத்திலிருந்து மேலும் கீழும் பக்கமும் வாரி இறைத்தது. மொபெட்டில் வருபவரின் கண்ணுக்குள் நேராக ஊற்றியது.

அவருக்கு ஒரு கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. புரை உள்ள கண்ணில் வெளிச்சம் உள்ளே போய்ச் சிதறி, முழுக்க வெள்ளையாகிவிடும். நமக்குமே அறுபது வயதில் கண்மணி இருட்டில் சின்ன வயதுபோல் விரியாது. லென்ஸும் மஞ்சளாகிவிடும். இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நமக்குப் போகிறது என்கிறார்கள். அதற்காகத்தான் நான் கூடுதல் விளக்கு தேடினேன். எதிரே வருபவருக்கும் அதே கண்தான் என்று தோன்றவில்லை.

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம். அளவு அல்ல. மெழுகுவத்தி 1,900 பக்கம், ஹாலஜன் 3,200 பக்கம், உச்சிவெயில் 5,500 பக்கம். எண் ஏற ஏற நீலம் கூடும். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், அதனால் கடையில் விற்கும். மழை நனைத்த தார் ரோட்டில் அது காணாமல் போவதையும், பனியில் அப்படியே திரும்பி வந்து முகத்தில் அடிப்பதையும் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 4,300 முதல் 5,000 வரை எனக்குப் போதுமென்று தோன்றுகிறது.

மஞ்சள் விளக்கு பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று எல்லோரும் சொல்வோம். நானும் நம்பினேன். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளுக்குத் தனிச் சலுகை இல்லை. கண் கூச்சம் குறைவாக இருக்கிறது என்பதால் மஞ்சளை விரும்பலாம். பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் பனியில் வேலை செய்வது நிறமல்ல, விளக்கு இருக்கும் உயரமும் கட்-ஆஃப் கோடும்தான். நம் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் பனியில் வெளிச்சம் படாமல், கீழே புகுந்து போக வேண்டும். மார்கழியில் கேபின் தலையில் பார் விளக்கைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். ஹைபீமும் அப்படித்தான். டிம்மில் வைத்து, மெதுவாகத்தான் போக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடிவிடுகிறோம். எதையோ பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் பதினைந்து மீட்டர் போயிருக்கும்.

இனி கொஞ்சம் பணம் மிச்சமாகும் விஷயம். கூடுதல் விளக்கு பற்றிக் கேட்கப் போனவனிடம் தம்பி முதலில் ஹெட்லைட்டைத்தான் பார்த்தார். கண்ணாடி வெயிலில் மங்கி மஞ்சளாகியிருந்தது. தேய்த்துப் பாலிஷ் போட்டார். பிறகு பல்பு ஹோல்டரில் வோல்ட் மீட்டரை வைத்தார். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவு. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் பாயின்ட், டேஷ்போர்டு சுவிட்ச் எல்லாம் தாண்டி வரும்போது ஆகிற நஷ்டம். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து ரிலே போட்டதும் பழைய பல்பே புது மாதிரி எரிந்தது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பார் விளக்கு வாங்கியிருக்கவே மாட்டேன்.

ரிலே என்பது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதன் கால்களில் எண் இருக்கும். 30க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர். 87லிருந்து விளக்குக்குப் போகும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. ஒன்றில் சுவிட்ச், ஒன்றில் எர்த். 55 வாட்ஸ் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட்ஸ், ஒன்பது ஆம்பியருக்கு மேல். 15 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயர் வேண்டும். ஃபியூஸ் விளக்குக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. என் வண்டியில் விளக்கு மாட்டிக் கொடுத்தவர் ஃபியூஸும் போடவில்லை, ரிலேயும் போடவில்லை. பேட்டரியிலிருந்து ஒயரை நேராக இழுத்து, கேபின் தகட்டு ஓட்டை வழியாக உறையில்லாமல் ஏற்றியிருந்தார். தகட்டில் உரசிய இடத்தில் செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வைக்கோல் ஏற்றிப் போன நாட்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய ஹெட்லைட்டுக்குள் ஹாலஜனைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு செருகுவதும் இப்போது பரவலாகிவிட்டது. அந்தக் குடுவை ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. வெளிச்சம் புறப்படும் இடம் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளினாலே கட்-ஆஃப் கலைந்துவிடும். நமக்குப் பளிச்சென்று தெரியும், எதிரே வருபவருக்குக் கண் போகும்.

ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு. 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். சேற்றுழவுக்குப் போய்வந்து பிரஷர் பம்பில் கழுவுகிற டிராக்டருக்கு 69கே என்று போட்டது நல்லது. விளக்குக் கண்ணாடியில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐ.நா. வாகன விதிப்படி சோதித்த விளக்கு. பக்கத்தில் 'பி' அல்லது 'எஃப்3' இருந்தால் முன்பக்க ஃபாக் விளக்கு. 'ஹெச்.ஆர்.' என்றால் ஹாலஜன் ஹைபீம். என்னுடையதில் எதுவுமே இல்லை.

விளக்கை மாட்டிய பிறகு சாய்வு பார்க்க வேண்டும். சமதளத்தில் சுவருக்கு எதிரே 25 அடி தள்ளி, லோடு ஏற்றிய நிலையில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மின் கட்-ஆஃப் அதற்கு இரண்டு அங்குலமாவது கீழே விழ வேண்டும், ஃபாக் விளக்கு நாலு அங்குலம். லோடு ஏற்றி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் பாரம் ஏறினால் மூக்கு நிமிரும். ஒரு டிகிரி நிமிர்ந்தாலே 50 மீட்டரில் வெளிச்சம் ஏறக்குறைய மூணு அடி மேலே போய்விடும். காலி வண்டியில் சரிபார்த்துவிட்டு நெல் மூட்டை ஏற்றினால் பார்த்த வேலை வீண். விளக்கு எதிரே இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது, 8 மீட்டரில் எதிரே நிற்பவரின் கண் உயரத்துக்குக் கீழே வெளிச்சம் சாய்ந்திருக்க வேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது.

டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வயல் வேலை முடிந்து ரோட்டுக்கு ஏறும்போது பின்பக்க ஒர்க் லைட்டை அணைத்துவிடுங்கள். பின்னால் வருபவருக்கு வெள்ளை விளக்கு தெரிந்தால், எதிரே ஏதோ வண்டி வருகிறது என்றுதான் மூளை சொல்லும். பக்கத்தில் வந்த பிறகுதான் அது நமக்கு முன்னால் போகிற டிரெய்லர் என்று புரியும். வயலிலும் வேலை இல்லாத நேரத்தில் எரிய விடாதீர்கள். ஐப்பசி ராத்திரியில் அந்த வெள்ளை விளக்கில் பச்சைத் தத்துப்பூச்சி எப்படி மொய்க்கிறது என்று எல்லோரும் பார்த்திருப்போம். விளக்குப்பொறி வைக்கிற நாமே வரப்பில் நின்று விருந்துக்கு அழைக்கிற மாதிரி ஆகிவிடும். மஞ்சள் சாய்ந்த விளக்குக்கு அவ்வளவு பூச்சி வராது.

என் வண்டியில் இப்போது பம்பருக்குக் கீழே இரண்டு ஃபாக் விளக்குகள் மட்டும் இருக்கின்றன, கட்-ஆஃப் உள்ளவை. பார் விளக்கைக் கழற்றிக் களத்தில் தூணில் கட்டி, தரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். நெல் தூற்ற நன்றாக இருக்கிறது.

மிச்சப் பணத்தில் ஒளி திருப்பும் டேப் ஒரு சுருள் வாங்கினேன். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள். கரண்ட் வேண்டாம், ரிலே வேண்டாம், அடுத்தவர் விளக்கை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். சேறு படிந்தால் ஒன்றும் தெரியாது, துடைக்க வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு. வைக்கோல் ஏற்றினால் டிரெய்லரின் பின்விளக்கும் டேப்பும் மறைந்துவிடும் என்பதால், ஒரு சாக்கில் சிவப்பு டேப்பை இரண்டு பட்டையாகத் தைத்து, லோடின் பின்னால் தொங்கவிடுகிறேன். எங்கள் ஊரில் இதுவரை ஏழு டிரெய்லருக்கு ஒட்டியாகிவிட்டது.

பால்காரப் பெரியவர் தை மாதத்திலிருந்து மறுபடி மொபெட் ஓட்டுகிறார். கை முழுசாக மடங்கவில்லை. கண்புரைக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. மீந்த டேப்பில் ஒரு முழத்தை அவருடைய பால் கேனில் சுற்றி ஒட்டினேன். "தினம் வெந்நீர்ல கழுவுறேன் சார், நிக்குமா?" என்று கேட்டார். மூணு வாரமாகிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் உரிந்திருக்கிறது.